நோர்மல் என்று வந்த ரிப்போர்ட்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பலாபத்வலையில் ஒரு சடங்கு வீடு. என் வீட்டுக்காரரின் சொந்தத்தில் ஒரு பெண் பிள்ளை பெரியவளானதற்கு மண்டபம் எடுத்துப் பெரிதாகச் செய்தார்கள். நாங்கள் இருப்பது ரத்தோட்டைப் பக்கம். அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். காலையில் மேலே தோட்டங்களில் இருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து மாத்தளைப் பள்ளிக்கூடங்களில் இறக்குவார், பகல் திரும்பக் கொண்டுபோய் விடுவார். சனி ஞாயிறில் ரிவர்ஸ்டன் பார்க்க வருகிறவர்களுக்கு ட்ரிப் ஓடுவார். நாற்பது தாண்டிய மனுஷன். அதுவரை தடிமன், காய்ச்சலுக்கு மேல் ஒரு வருத்தம் வந்தது கிடையாது.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதும் நான் அவரைத் தேடிப் போனேன். மண்டபத்துச் சுவர் ஓரமாக நின்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க, சாப்பிட வாங்க" என்றேன். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொந்தக்காரர்கள் முன்னால் மானம் போகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டு நான் மட்டும் வரிசையில் போய் நின்றேன். பிளேட்டைக் கையில் எடுப்பதற்குள் பின்னால் தொம்மென்று சத்தம். திரும்பினால் அவர் கீழே கிடக்கிறார். கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது, கண் மேலே சொருகியிருக்கிறது, வாயில் நுரை, கடிபட்ட நாக்கில் இரத்தம்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வரும். "இரும்பு! இரும்பு கொண்டாங்க!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். மண்டபமே இரும்பு தேடி ஓடியது. என் நாத்தனார், அவருக்கு மூத்தவர், வேன் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். சமையல் பக்கம் இருந்து ஒருத்தர் பிரியாணிக் கரண்டியோடு வந்தார். வாசலில் நின்ற த்ரீவீல்காரர் டயர் கழற்றுகிற வீல் பிரேஸைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஒரு பெரியப்பா ஒன்றும் கிடைக்காமல் மண்டபத்து இரும்புக் கதிரையையே இழுத்து வந்து அதன் காலைப் பிடிக்க வைக்கப் பார்த்தார். நான் அழுதுகொண்டே அவருடைய தலைக்குக் கீழே என் சால்வையை மடித்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இழுப்பு தானாகவே நின்றது. ஆனால் யாருடைய இரும்பால் நின்றது என்ற வழக்கு எங்கள் சொந்தத்துக்குள் இன்னும் தீரவில்லை.

மாத்தளை ஆஸ்பத்திரியில் வார்டில் சேர்த்து நிற்பாட்டினார்கள். இரத்தம் சோதித்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் சரி. இந்த வயதில் புதிதாக வலிப்பு வந்தால் சும்மா விடக்கூடாது, கண்டிக்குப் போய் ஈ.ஈ.ஜி. எடுக்க வேண்டும் என்றார்கள். தலையில் சின்னச் சின்ன வயர்களை ஒட்டி மூளையில் ஓடுகிற கரண்ட்டை அலை அலையாகப் பதிவு செய்வார்களாம். வலிக்காது, ஷாக் அடிக்காது என்று விளக்கினார்கள். அதுவரை வேன் ஓட்டவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். இவர் தலையை ஆட்டினார். அது சம்மதம் சொன்ன ஆட்டல் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

வேனுக்கு அவருடைய கூட்டாளி ஒருத்தரைத் தற்காலிகமாகப் பிடித்தோம். கண்டியில் தேதி கிடைக்கும்வரை இவர் வீட்டில் உட்கார்ந்து, கூட்டாளி வேனை எப்படியெல்லாம் கெடுக்கிறான் என்று எனக்கு வகுப்பு எடுத்தார். கியர் மாற்றுகிற சத்தம் ரோட்டில் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார். ஒரு தடவை விழுந்ததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, அன்றைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு போனதால் வந்த மயக்கம் அது, என்பதுதான் அவருடைய கட்சி. மயக்கத்தில் நாக்கைக் கடித்துக்கொள்வார்களா என்று நான் கேட்டால், தேநீர் கேட்பார்.

தேதி வந்தது. தலையை நன்றாக ஷாம்பூ போட்டுக் கழுவி, சொட்டு எண்ணெய் இல்லாமல் வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நானே உட்கார வைத்து இரண்டு தடவை கழுவி விட்டேன். என் நாத்தனார் துணைக்கு வருகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். சரி, வரட்டும் என்றேன். அங்கேதான் பிழை விட்டேன். மாத்தளை பஸ் ஸ்டாண்டில் நான் தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போய் வந்த நேரத்தில் வேலை நடந்து முடிந்துவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியாது.

கண்டியில் அந்த அறைக்குள் இவரைக் கூப்பிட்டார்கள். போன வேகத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். வயர் ஒட்டுகிற மிஸ் தன் விரலை என் முகத்துக்கு முன்னால் காட்டினார். விரல் பளபளவென்று மின்னியது. பசை பிடிக்காது, இப்படியே எடுத்தால் அலை சரியாக வராது, வேறு தேதி எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதற்குள் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய குளிர்ச்சி எண்ணெய்ப் போத்தல் இருந்தது.

"காஞ்ச தலையோட இம்புட்டு தூரம் வெயில்ல வந்தா தம்பிக்கு சூடு ஏறிறாதா? சூட்டுலதானே இழுப்பே வந்திச்சு. உச்சியில மட்டும் கொஞ்சூண்டு வச்சேன்" என்றார்.

"மதினி, உச்சியிலதான் வயர் ஒட்டணும்" என்றேன். வேறு என்ன சொல்ல? இவரோ எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் வாசலில் நின்ற வேன்களின் டயரை ஆராய்ந்துகொண்டிருந்தார். தலையில் எண்ணெய் வைக்கும்போது இந்த மனுஷனுக்கு வாய் இல்லையா? கேட்டால், "அக்கா வைக்கிறப்ப எப்புடி வேணாம்னு சொல்றது" என்றார். நான் வேலை செய்கிற ஸ்பைஸ் கார்டனில் லீவு கேட்டு வாங்குவது எவ்வளவு பாடு என்று இவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. வரும் வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது தேதிக்கு நாத்தனாரைக் கூட்டிப் போகவில்லை. கோபித்துக்கொண்டார், பரவாயில்லை. இந்தத் தடவை வயர் எல்லாம் அழகாக ஒட்டின. கண்ணை மூடச் சொன்னார்கள், திறக்கச் சொன்னார்கள், வேகமாக மூச்சு விடச் சொன்னார்கள், முகத்துக்கு நேரே லைட்டைப் பளிச் பளிச் என்று அடித்தார்கள். முடிந்தது. பிறகு போய் ரிப்போர்ட் வாங்கினோம். கிளினிக்கில் டொக்டரிடம் காட்டுவதற்குத்தான் அது. ஆனால் இவர் ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டுவதற்குள் கவரைப் பிரித்துவிட்டார். இங்கிலிஷில் எழுதியிருந்ததில் ஒரு சொல்தான் அவருக்குத் தேவைப்பட்டது. நோர்மல்.

அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் பாஸ் பண்ணிய பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு பூரிப்பு வராது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ரிப்போர்ட்டைக் காட்டினார். ரத்தோட்டை டவுனில் தேநீர்க் கடையில் காட்டினார். நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வந்து, அப்படியென்றால் இது வெறும் கண்ணூறுதான் என்று சொல்லி, பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போனார். கிளினிக் இனி எதற்கு என்றார்கள் அக்காவும் தம்பியும். திங்கட்கிழமையில் இருந்து கூட்டாளி வரத் தேவையில்லை என்று போனில் சொல்லிவிட்டார். அவருடைய ரூட்டில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். பனி இறங்கினால் முன்னால் போகிற பஸ் தெரியாது. வேன் நிறைய மற்றவர்கள் பெற்ற பிள்ளைகள்.

"மெஷினே சொல்லுது எனக்கு ஒண்ணுமில்லன்னு. நீ மெஷினை விடப் பெரியாளா?" என்றார்.

நான் படித்தது பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரைக்கும்தான். கத்திப் பார்த்தேன், அழுது பார்த்தேன், சமைக்காமல் இருந்து பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் வேறு பக்கமாகப் போனேன். சரி, ஓட்டுங்கள், ஆனால் பிள்ளைகளின் அம்மாமார் எல்லாரும் அன்றைக்கு விழுந்த கதையைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். தேநீர்க் கடையில் காட்டிய பேப்பரை அவர்கள் நம்புவார்களா? கிளினிக்கில் அந்த டொக்டர் வாயால் ஓட்டலாம் என்று சொல்ல வையுங்கள், பிறகு யாரும் வாய் திறக்க முடியாது என்றேன். அது அவருக்குப் பிடித்தது. டொக்டர் சொல்லும்வரை கூட்டாளியே ஓட்டட்டும் என்று விட்டுவிட்டார். ஷேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு ஜம்மென்று கிளம்பினார்.

கிளினிக்கில் இருந்தவர் வயது குறைந்த ஒரு சிங்கள டொக்டரம்மா. எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, அதனால் பேச்சுக்குக் கஷ்டமில்லை. இவர் ரிப்போர்ட்டை மேசையில் வைத்து, எப்போதிருந்து ஓட்டலாம் என்று மட்டும் கேட்டார். டொக்டர் ரிப்போர்ட்டை ஒரு பார்வை பார்த்து ஓரமாக வைத்துவிட்டு, விழுந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டார். இவருக்கு முகம் சுருங்கிப் போனது. நோர்மல் என்றால் அந்தக் கொஞ்ச நேரத்தில் மூளையில் கோளாறு தெரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம், வருத்தம் இருக்கிற எத்தனையோ பேருக்கு முதல் தடவை நோர்மல் என்றுதான் வரும், பார்த்தவர்கள் சொல்கிறதுதான் எங்களுக்கு முக்கியம் என்றார்.

பிறகு கேள்விகள். இழுப்பு எந்தப் பக்கம் முதலில் ஆரம்பித்தது? வலது கையா, இடது கையா? தலை எந்தப் பக்கம் திரும்பியது? எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு பேர் நின்றார்களே, ஒருத்தராவது பார்த்திருப்பார்களே என்றார். நான் வெளியே போய் நாத்தனாருக்குப் போன் போட்டேன், பெரியப்பாவுக்குப் போட்டேன், சடங்கு வீட்டுக்காரருக்கும் போட்டேன். சாவி வலது கையில் கொடுத்தோமா இடது கையில் கொடுத்தோமா, வீல் பிரேஸ் முதலில் வந்ததா கரண்டி முதலில் வந்ததா, எல்லாம் மணி மணியாகச் சொன்னார்கள். எந்தக் கை முதலில் இழுத்தது என்று கேட்டால், "அத யாரு பாத்தா? நாங்க இரும்பு தேடிட்டுல்ல இருந்தோம்" என்றார் பெரியப்பா. உள்ளே போய் டொக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

சரி, அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டார். அதோடு எனக்குள் இருந்த அடைப்பு உடைந்துவிட்டது. மாதக் கணக்கில் சேர்த்து வைத்த ஆத்திரம், எண்ணெய், பேப்பர், பூசணிக்காய் எல்லாம் சேர்ந்து கொட்டியது. என்ன செய்வார் டொக்டர், சாப்பிடக் கூப்பிட்டேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கு நேற்றா? ஒரு வருஷமாகவே இப்படித்தான். நான் முக்கியமான விஷயம் பேசிக்கொண்டிருக்கும்போது சுவரைப் பார்ப்பார். வாயை ஆடு அசை போடுகிற மாதிரி மென்றுகொண்டே இருப்பார், வாயில் ஒன்றும் இருக்காது. ஷேர்ட் பொத்தானைப் பிடித்துத் திருகுவார். நான் கத்தினால்கூட என்னை ஒரு பொருட்டாக மதிக்க மாட்டார். கொஞ்ச நேரம் போய், "என்னா சொன்ன?" என்று புதிதாகக் கேட்பார். பெண்டாட்டி பேச்சுக்கு இந்த வீட்டில் அவ்வளவுதான் மரியாதை என்றேன்.

"இவ எப்பவும் இப்புடித்தான் டொக்டர்" என்றார் இவர், சிங்களத்தில், என்னைக் காட்டி.

டொக்டர் அவரைப் பார்க்கவே இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். அந்த மெல்லுகிறதை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். நான் செய்து காட்டினேன். பொத்தான் திருகுவதையும் காட்டச் சொன்னார். காட்டினேன். வாரத்தில் எத்தனை தடவை, எவ்வளவு நேரம், பிறகு களைப்பாக இருப்பாரா, ஒரு மாதிரி வாசம் வருகிறது என்று எப்போதாவது சொன்னாரா? ஆமாம், ரப்பர் எரிகிற வாசம் வருகிறதென்று அடுப்படிக்கு வந்து தேடுவார் என்றேன். டொக்டர் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, அம்மா, இவர் உங்களை மதிக்காமல் இருக்கவில்லை, அந்த நேரத்தில் இவருக்கு நீங்கள் பேசுவது கேட்கவே இல்லை, அதுவும் வலிப்புதான், கீழே விழாத வலிப்பு என்றார்.

ஒரு வருஷம் நான் போட்ட சண்டை எல்லாம் கண் முன்னால் வந்தது. அதைவிட, அந்த ஒரு வருஷமும் அவர் வேன் ஓட்டியிருக்கிறார் என்பது வந்தது.

இவர் மட்டும் அசையவில்லை. இது பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டுகிற கதை என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். டொக்டர் மாத்திரை தொடங்கலாம், அதற்கு முன்னால் இன்னொரு பதிவு எடுக்கலாம் என்றார். இந்தத் தடவை முதல் நாள் ராத்திரி தூங்காமல் வர வேண்டும், தூக்கம் கெட்டால்தான் ஒளிந்திருக்கிறது வெளியே வரும், கூடுதல் நேரம் எடுப்போம், கெமராவும் போடுவோம் என்றார். இவர் உடனே சம்மதித்தார். இரண்டாவது நோர்மலும் வாங்கி வந்து எங்கள் வாயை அடைக்கலாம் என்று நினைப்பு. சொந்தத்தில் நாலு பேர் சீட்டுக்கட்டோடு வந்து விடிய விடிய அவரைத் தூங்காமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த நாலு பேரும் விடிந்ததும் எங்கள் வீட்டிலேயே விழுந்து தூங்கினார்கள். பஸ்ஸில் இவர் கண் அசராமல் இருக்க நான் தொடையில் கிள்ளிக்கொண்டே போனேன். உண்மையைச் சொன்னால் அது எனக்குக் கஷ்டமான வேலையாக இருக்கவில்லை.

அதே மிஸ் தான் வயர் ஒட்டினார். முதலில் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்தத் தடவை என்னையும் உள்ளே மூலையில் உட்காரச் சொன்னார்கள். படுத்ததும் இவர் தூங்கிப் போனார். ஸ்கிரீனில் கோடுகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. எழுப்பிய பிறகு மிஸ் ஏதோ கேட்க, இவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தினார். கண் திறந்தபடி இருந்தது. வாய் மெல்ல ஆரம்பித்தது. விரல்கள் பெட்சீட்டின் ஓரத்தைப் பிடித்துத் திருகின. அதே முகம். என் சமையலறையில் நான் எத்தனையோ தடவை திட்டிய அதே முகம். ஸ்கிரீனில் ஒரு பக்கத்துக் கோடுகள் மட்டும் கூர் கூராகக் குதித்தன. மிஸ் அவருக்குப் பக்கத்தில் குனிந்து, உடைந்த தமிழில், "அன்னாசி. அன்னாசின்னு ஞாபகம் வைங்க" என்றார். என்னை மீறி நான் "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டேன். அவர் எங்கேயோ இருந்தார்.

கோடுகள் அடங்கியதும், நான் சொன்ன சொல் என்ன என்று மிஸ் கேட்டார். "என்னா சொல்லு? நீங்க ஒண்ணும் சொல்லலியே" என்றார் இவர். சத்தியமே பண்ணியிருப்பார். அவ்வளவு உறுதியாகச் சொன்னார்.

பிறகு கிளினிக்கில் டொக்டரம்மா அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். ஒரு பக்கம் கோடுகள், மறு பக்கம் இவருடைய முகம். முதலில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். மென்று மென்று எங்கேயோ பார்க்கிற அந்த மனுஷன் தான்தான் என்று விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அன்னாசி என்கிற குரல் வந்தது. பிறகு என் குரல். என்னங்க, என்னங்க. கையைத் தானாக அவிழ்த்துவிட்டார். வீடியோவை நிறுத்தினார்கள்.

"நீ கூப்பிட்டியா?" என்று என்னைக் கேட்டார்.

"ரெண்டு தடவ கூப்பிட்டேங்க."

அவர் டொக்டரைப் பார்த்தார். "அப்ப, டொக்டர், மேல அந்த வளைவுகள்ல எல்லாம்…" என்று தொடங்கினார். முடிக்க முடியவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லைதானே, கடவுள் காப்பாற்றிவிட்டார் என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்குச் சாயந்தரமே அவர் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் தானே போன் போட்டு, தனக்கு இன்ன வருத்தம், இனி வேனை வேறு ஆள்தான் ஓட்டுவார் என்று சொன்னார். மறைக்கச் சொல்லி நாத்தனார் எவ்வளவோ கெஞ்சினார், கேட்கவில்லை. நாங்கள் நினைத்த மாதிரி ஒருத்தரும் பிள்ளையை நிறுத்தவில்லை. வேனைக் கூட்டாளி ஓட்ட, இவர் பின்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஏற்றுகிறதும் இறக்குகிறதுமாக இருக்கிறார். கியர் மாற்றுகிற சத்தத்துக்கு இன்னும் முகத்தைச் சுளிக்கிறார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார். வலிப்பு இப்போது வருவதில்லை. திரும்ப ஓட்டலாமா என்று கிளினிக்கில் கேட்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. பார்க்கலாம் என்கிறார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் பேச்சை அவர் இப்போதும் முழுதாகக் கேட்பதில்லை. முன்பு கேட்காமல் இருந்ததில் பாதிதான் வருத்தம், மீதிப் பாதி அவர் சுபாவம் என்று தெரிந்துபோனது. அதற்கு மாத்திரை இல்லையாம், நான் டொக்டரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். நான் பேசும்போது பதில் வராவிட்டால் முன்பெல்லாம் பாத்திரத்தைப் போட்டு உடைக்கிற மாதிரி வைப்பேன். இப்போது கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, கிட்டப் போய் முதலில் முகத்தைப் பார்க்கிறேன். "கேக்குது, கேக்குது, சொல்லித் தொலை" என்று அவர் எரிந்து விழும்போது எனக்கு வருகிற நிம்மதி இருக்கிறதே, அதை எந்த மெஷினாலும் பதிவு செய்ய முடியாது.